மானிட்டரை இருட்டில் ஓட்டிக் காட்டிவிட்டு பில் போடுங்கள்: நீலகிரி கணினிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூரில் கணினி விற்கும் கடைக்காரர்களுக்கு வணக்கம்.

கேமிங்குக்காக 34 அங்குல அல்ட்ராவைடு (வழக்கத்தைவிட அகலமான திரை) மானிட்டர் கேட்டு வருகிறவரிடம், "அதுல பேனல் பிரச்சினை வரும், பேசாம 27 இன்ச் எடுத்துக்குங்க" என்று சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒரே மாடலில் இரண்டு பெட்டியைப் பிரித்தால் ஒன்றில் மூலையில் வெளிச்சம் கசியும், இன்னொன்று சுத்தமாக இருக்கும். அதற்காக அல்ட்ராவைடே வேண்டாம் என்பது தீர்வாகாது. பில் போடுவதற்கு முன் பெட்டியைப் பிரித்து, இருட்டில் ஓட்டிக் காட்டுங்கள். கோவையில் இருப்பவர் குறையுள்ள மானிட்டரைத் திருப்பிக் கொடுக்க அரை நாள் போதும். மலையில் இருப்பவருக்கு அது மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறும் வேலை. அந்தக் குலுக்கலில் நல்ல பேனலே கெட்டுப்போகலாம்.

முதலில் அளவு. 34 அங்குல அல்ட்ராவைடின் உயரம் 27 அங்குல மானிட்டரின் உயரம்தான், சுமார் 33 செ.மீ. அகலம் மட்டும் 60 செ.மீ.க்குப் பதில் 80 செ.மீ. இதை மேசையில் அளந்து காட்டினாலே பாதிக் குழப்பம் தீரும். 34 அங்குலத்தில் 2560×1080 (அகலத்தில் 2560, உயரத்தில் 1080 பிக்சல்) பேனலை விலை குறைவு என்று வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடாதீர்கள். அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் வரும், எழுத்து பிசிறடிக்கும். 3440×1440 என்றால் 110. ஆனால் 2560×1440 திரையைவிட 34 சதவீதம் அதிகமான பிக்சலைக் கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டும். கார்டு எது என்று கேட்காமல் விற்கக் கூடாது. பிஎஸ்5 கேம் கன்சோல் வைத்திருப்பவரிடம், அது அல்ட்ராவைடின் 21:9 வடிவத்தில் படம் தராது, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது குளிர். சமவெளியில் எழுதப்படும் பரிந்துரைகளில் இது வராது. திரவப் படிகம் குளிரக் குளிரக் கெட்டியாகும். பிக்சல் நிறம் மாற நேரம் பிடிக்கும். விஏ என்ற பேனல் வகையில் கறுப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாறுவது சாதாரணமாகவே மெதுவு. மார்கழியில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் உறைபனி விழும் நாட்களில், ஹீட்டர் இல்லாத அறையில் அதே பேனலை ஓட்டினால் இருட்டுக் காட்சிகளில் உருவத்துக்குப் பின்னால் மை இழுத்தது போல் நிழல் வரும். வாங்கியவர் பேனல் பழுது என்று நினைப்பார். ஓவர்டிரைவை (பிக்சல் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் அமைப்பு) உச்சத்துக்கு ஏற்றுவார்; அப்போது நிழல் போய் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியும். திரை அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு நடுத்தர அளவில் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

ஆகவே 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டி வீட்டுக்கு ஐபிஎஸ் என்ற மற்றொரு பேனல் வகையே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. கறுப்பின் ஆழம் குறையும்: வெள்ளைக்கும் கறுப்புக்குமான வெளிச்ச விகிதம் ஐபிஎஸ் சுமார் 1000:1, விஏ சுமார் 3000:1. இருட்டறையில் மூலைகள் லேசாக மினுங்கவும் செய்யும். ஆனாலும் ஆட்டத்தில் மை இழுப்பதைவிட அது மேல். கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டர்தான், அங்கே விஏ தாராளமாக ஓடும்.

சோதனைக்கு ஒரு மேசை, வெளிச்சம் புகாத கறுப்புத் திரைச்சீலை, டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருந்தால் போதும். எச்டிஎம்ஐ 2.0 கேபிளில் ஓட்டினால் 3440×1440 திரை பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு 100 படம்) நின்றுவிடும். 144 ஹெர்ட்ஸ் என்று எழுதிய பெட்டியைப் பொய் என்று வாடிக்கையாளர் நினைப்பார். பிரகாசத்தை 30, 40 சதவீதத்தில் வையுங்கள். நூறில் வைத்தால் எந்த எல்சிடியும் கசியும். முழுக் கறுப்புப் படம் போட்டு, 75 செ.மீ. தள்ளி உட்காரச் சொல்லி, தலையை இடம் வலம் அசைக்கச் சொல்லுங்கள். தலையோடு நகர்ந்து மாறும் மினுங்கல் ஐபிஎஸ்ஸின் இயல்பு, பெட்டி மாற்றினாலும் போகாது. அசையாமல் விளிம்பில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ நிற்பது பேக்லைட் (பேனலுக்குப் பின்னுள்ள விளக்கு) கசிவு. அது பளிச்சென்று தெரிந்தால் அடுத்த பெட்டியைப் பிரியுங்கள். கைபேசியில் படமெடுத்து முடிவு செய்ய விடாதீர்கள். இருட்டில் கேமரா தானே வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளும், சின்னக் கசிவும் விடிவிளக்குப் போலத் தெரியும். பிறகு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் ஆகிய நிறங்களை ஒவ்வொன்றாக முழுத்திரையில் போட்டுப் பிக்சலைப் பாருங்கள்.

பிக்சல் விஷயத்தில் வெளிப்படையாக இருங்கள். பழைய ஐஎஸ்ஓ 13406-2 தரவிதியின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு 2 எப்போதும் எரிந்தே நிற்கலாம் என்றது. இந்தத் திரையில் 49.5 லட்சம் பிக்சல். அந்தக் கணக்கில் பத்து வரை "சரி"யாகிவிடும். ஒன்றிரண்டு புள்ளிக்கு நிறுவனம் மாற்றித் தராமல் போகலாம் என்பதை வாங்குகிறவர் பணம் கொடுக்கும் முன்பே அறிய வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும்: திரைக்குள் சின்னப் பூச்சி ஊர்ந்தால் அது செத்த பிக்சல் அல்ல. விளக்கைத் தேடிப் பேனலுக்குள் நுழைந்தது. விரலால் அழுத்தினால் அங்கேயே நசுங்கி நிரந்தரக் கரும்புள்ளியாகும். திரையை அணைத்து, பக்கத்தில் வேறு விளக்கை எரியவிட்டால் அதுவாகவே வெளியேற வாய்ப்புண்டு.

லாரியில் பெட்டி நின்றபடியே வர வேண்டும். படுக்க வைத்து மேலே சுமை ஏற்றினால் வளைந்த பேனல் நடுவில் அழுத்தம் வாங்கும். ஸ்டாண்டு மாட்டும்போதும் தெர்மாகோலிலிருந்து எடுத்து மேசையில் கவிழ்க்காதீர்கள். இரு ஓரமும் மட்டும் தாங்கி, நடு அந்தரத்தில் நிற்கும். இரவுக் குளிரில் வந்த பெட்டியைக் கதகதப்பான அறையில் உடனே பிரித்தால் குளிர்ந்த பேனலில் ஈரம் கோக்கும். மூடியபடியே நாலைந்து மணி நேரம் வைத்துவிட்டுப் பிரியுங்கள். தனி அடாப்டர் வரும் மாடலில் லேபிளைப் படியுங்கள். 2,000 மீட்டர் உயரம் வரை மட்டும் என்ற குறியோடு சில அடாப்டர்கள் வருகின்றன. காற்று மெலிந்தால் மின் காப்பு இடைவெளியின் பலம் குறையும். குன்னூருக்குச் சரி, ஊட்டிக்கு வேறு கேளுங்கள்.

ஓஎல்இடி (பிக்சல் ஒவ்வொன்றும் தானே ஒளிரும் திரை) வாங்குகிறவரிடம் சுவர் ஸ்விட்சை அணைக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். அணைத்த பிறகு சில நிமிடம் பேனல் தன்னைச் சீர்செய்துகொள்ளும்; மின்சாரத்தைத் துண்டித்தால் அது நடக்காது, திரையில் படத்தின் தடம் பதியும் அபாயம் கூடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்தடை வரும் பகுதிகளுக்கு ஒரு யுபிஎஸ்ஸும் சேர்த்துக் கொடுப்பதே முறை.

கடைசியாக, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையை எடுத்துவிடுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47)இன்படி, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் மாடல், சீரியல் எண், பேனல் வகை, எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள் என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். இருட்டில் ஓட்டிக் காட்டியபோது கண்ட குறையையும் அதே பில்லில் ஒரு வரியாகக் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
மலையில் மானிட்டர் பொருத்தும், பழுது பார்க்கும் சிலர்