எந்த வெஸ்ட், கண்ணு?

கண்ணு,

ஏழு வாரம் கழித்து உன்னிடமிருந்து ஒரு வரி. "ஒரு வெஸ்ட் வேணும்மா, டிசம்பருக்குள்ள." சாப்பிட்டாயா, சளி விட்டதா, ஒன்றும் இல்லை. சரி, இருக்கட்டும்.

எந்த வெஸ்ட்? லண்டனில் படித்தபோது கேட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம். நம்மிடம் சரக்கு வாங்கும் இங்கிலாந்து பையர் ஆர்டர் ஷீட்டில் வெஸ்ட் என்று போட்டால் கையில்லாத பனியன். சுங்கப் பட்டியலில் 6109 என்ற எண்ணில் டி-ஷர்ட்டோடு நிற்பதும் அதுதான். இப்போது நீ சிகாகோவில். அமெரிக்கக்காரன் வெஸ்ட் என்றால் கோட்டுக்குள் போடும் பொத்தான் வைத்த கையில்லாச் சட்டை. இங்கிலாந்தில் அது வெய்ஸ்ட்கோட், பின்னலில் செய்தால் பட்டியலில் எண் 6110. பஞ்சு அடைத்த குளிர் உடுப்பையும் வெஸ்ட் என்றே சொல்கிறான். ஏழாவது படிக்கும்போதே லேபிளைப் பார்த்து எந்த நாட்டு ஆர்டர் என்று சொன்ன பிள்ளை நீ. எந்த ஊர் இங்கிலீஷில் எழுதுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாதா?

லத்தீனில் வெஸ்டிஸ் என்றால் வெறும் உடுப்புதான். 1666-இல் லண்டன் எரிந்த அடுத்த மாதம், இரண்டாம் சார்லஸ் ராஜா நீளமான வெஸ்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு அதையே வழக்கமாக்கப் பார்த்தார். பாரசீகப் பாணி என்று அப்போதே எழுதிவைத்தார்கள். போகப்போக அது குட்டையானது. பெயர் அமெரிக்காவில் வெளியே தங்கிவிட்டது, இங்கிலாந்தில் சட்டைக்குள் போய்விட்டது. நம் பனியன் மட்டும் என்ன, வாணியா என்ற குஜராத்தி வியாபாரிகளுடைய பெயர்தானே! வெள்ளைக்காரன் வீட்டில் போட்ட தொளதொள அங்கிக்கும் அதே பெயர் இருந்தது.

பனியன் என்றால் சைஸ் 90-ஆ 95-ஆ சொல். டிரையரில் போடாதே. 70 செ.மீ. நீளத்தில் 5 சதவீதம் சுருங்கினால் மூன்றரை செ.மீ. போச்சு, குனிந்தால் பேன்ட்டை விட்டு வெளியே வரும். துவைத்ததும் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கிப் பார். பக்கத் தையல் முன்னால் திரும்பி வந்திருந்தால் அது நூல் முறுக்கின் வேலை, இஸ்திரிக்கு அடங்காது. டிரையரில் மட்டும் போடாதே.

கோட்டுக்குள் போடுவது என்றால் கதையே வேறு. மார்பும் வயிறும் தனித்தனியாக அளக்க வேண்டும். நீளத்துக்குப் பிடரி எலும்பில் டேப்பை வைத்து, தோள் வழியாக முன்பக்கக் கூர்முனை வரை. தானே அளந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், அளவு தப்பும். கடைசிப் பொத்தானைப் போடுவதில்லை. அதனால் நீளம் குறைந்தால் பெல்ட்டுக்கு மேலே சட்டை எட்டிப் பார்க்கும், போட்டோவில் அதுதான் முதலில் தெரியும். யாரையாவது பிடித்து அளக்கச் சொல்.

அந்த மாதிரி வெஸ்டை ஆபீசுக்கு யாரும் இத்தனை அவசரமாகக் கேட்பதில்லை. ஏதாவது விசேஷமா என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்வாய் என்று உங்கப்பா சொல்கிறார். எப்படிச் சொல்வாய்? போன தைக்கு முந்தின தையில் போனில் ஒரு பெயரைச் சொல்ல வந்தாய். உங்கப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று, சாமான் விலை, மழை என்று பேச்சை மாற்றியவள் நான்தான். அதற்கப்புறம்தான் உன் பேச்சு ஒரு வரி, இரண்டு வரியாகக் குறைந்தது. அவரிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை.

அளவை இந்த வாரமே அனுப்பு. துணி எடுக்க, தைக்க, பார்சல் வந்து சேர என்று ஆறு வாரமாவது வேண்டும். கூட ஒரு ஜாக்கெட்டும் தைக்க வேண்டியிருந்தால் அந்த அளவையும் சேர்த்து எழுது. நம் ஊர் ஜாக்கெட்டைச் சொல்கிறேன், சேலைக்குப் போடுவது.

அம்மா