புகை பற்றி, படுவான்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

தெற்காசியக் கூட்டுறவுச் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் ஆளுநர் சபையில் இருக்கும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நாலு ஏக்கர் வயல் செய்கிறவன் நான். உங்கள் செயலகம் கொழும்பில்தான் இருக்கிறது, அதனால் இந்த மடல் வந்து சேர அதிக தூரம் இல்லை.

2022 டிசம்பர் 8ஆம் திகதி காலையை என்னால் மறக்க முடியவில்லை. மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் இருந்த நாட்கள். மழை வரும் என்று பார்த்திருக்க, குளிரும் அதோடு ஒரு சாம்பல் மூட்டமும் வந்தது. முதலில் பனி என்றுதான் நினைத்தோம், ஆனால் பனி வெயில் ஏற விலகும், இது பத்து மணிக்கும் அப்படியே நின்றது, தொண்டை கரகரத்தது. அம்மாவுக்கு முட்டு வருத்தம். திண்ணையில் குந்தி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோள் ஏறி இறங்க, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் என்னிடம் கேட்டது, "தம்பி, யாரு வைக்கல் எரிக்கிறது?" என்றுதான். அந்த மாதத்தில் இங்கே யார் எரிப்பார்கள்? எங்கள் பெரும்போகப் பயிர் அப்போது பச்சையாக அல்லவா நிற்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நாடு முழுவதும் பாடசாலைகளை மூடினார்கள். இந்தியப் பக்கமிருந்து காற்றோடு வந்த மாசு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன, அது குளிரால். எங்களுக்கு எல்லாம் ஒரே வாரத்துத் துயரம்தான்.

அந்த மூட்டம் முழுக்க வைக்கோல் புகை என்று நான் சொல்ல வரவில்லை. செங்கல் சூளை, நிலக்கரி, வாகனம் எல்லாம் கங்கைச் சமவெளிக்கு மேலே ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர், நவம்பரில் பஞ்சாப், அரியானா வயல்களில் வைக்கும் தீ, மனம் வைத்தால் நிறுத்தக்கூடிய தீ.

அந்த விவசாயியைத் திட்ட எனக்கு மனம் வராது. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் பஞ்சாப் ஒரு சட்டம் போட்டு நெல் நடுகையை ஜூன் 10ஆம் திகதிக்குப் பின்னால் தள்ளியது. நல்ல நோக்கம்தான், ஆனால் அறுவடையும் பிந்திப்போய், கோதுமை விதைக்க முன் கையில் மிஞ்சுவது இரண்டு மூன்று கிழமைதான். வெட்டு மெசின் வயலில் விட்டுப்போகும் நெல் தாளை, அதாவது அறுத்த அடிக்கட்டையையும் வைக்கலையும், அதற்குள் அகற்றக் கூலிக்கு ஆளும் இல்லை, காசும் இல்லை, ஒரு நெருப்புக்குச்சிதான் இருக்கிறது. இதே கணக்கு எங்கள் வயல்வெளியிலும் உண்டு. பெரும்போகம் வெட்டிச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் வருவதற்குள் நானும் எரித்திருக்கிறேன். 2021இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்டு நாங்கள் பசளைக்கு அலைந்தபோதுதான், வைக்கலில் இருந்த நைதரசனைப் புகையாக விட்டுவிட்டு நிற்கிறோம் என்பது உறைத்தது.

சரி, உங்களிடம் வருகிறேன். 1998இல் எட்டு நாடுகள் மாலே பிரகடனத்தை ஏற்றன, எல்லை தாண்டும் காற்று மாசைச் சேர்ந்து கட்டுப்படுத்துவோம் என்று. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், பூட்டான், மாலைதீவு, ஈரான், இலங்கை. அது வெறும் பிரகடனம், எந்த நாட்டையும் சட்டத்தால் கட்டாது. தென்கிழக்காசியாவில் 1997இல் காட்டுத் தீப் புகை பல நாடுகளை மூடிய பிறகு, 2002இல் சட்டத்தால் கட்டும் ஒப்பந்தமே செய்தார்கள். ஆனால் தீ எரியும் இந்தோனேசியா அதை உறுதிப்படுத்த 2014 ஆனது, அதற்கு அடுத்த வருடமே அங்கே 26 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. சிங்கப்பூர் 2014இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, வேறு நாட்டில் தீ வைத்துத் தன் காற்றைக் கெடுக்கும் கம்பனியையும் தண்டிக்க வழி செய்தது. அங்கே தோட்டக் கம்பனிகள், இங்கே நாலைந்து ஏக்கர்க்காரர்கள். அபராதத்தை மட்டும் இங்கே கொண்டுவந்தால் அது ஏழையின் தலையில்தான் விழும்.

அதனால் நான் கேட்பது, மாலே பிரகடனத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக மாற்றுங்கள், அதோடு எட்டு நாடும் சேர்ந்து ஒரு நிதி போட்டு, தாளை அகற்றாமலே விதைக்கும் மெசினும் வைக்கல் கட்டும் மெசினும் சிறு விவசாயிக்கு வாடகைக்குக் கிடைக்கச் செய்யுங்கள். அப்புறம், புகை எங்கள் பக்கம் திரும்பினால் முதல் நாளே தமிழில் அறிவியுங்கள். அம்மாவின் மருந்தை நான் முன்கூட்டியே வாங்கி வைப்பேன்.

எங்கள் பக்கத்து வேலையைத் தொடங்கிவிட்டோம். எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையோடு பேசி, என்னோடு ஏழு பேர் வருகிற அறுவடையில் எரிப்பதில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம், வைக்கலை மாட்டுக்காரர்கள் வந்து ஏற்றிப்போவார்கள். உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இது இருக்கிறதா என்று ஒரு வரி எழுதுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
படுவான்கரை விவசாயி ஒருவன்