துடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு, வணக்கம்.

மாதவிடாய் வலியில் சுருண்டு கிடக்கும் மாணவிக்குப் ‘பொறுத்துக்கோ’ என்பதே இன்னும் பல வீடுகளில் மருந்து. கருப்பையை இறுக்கிப் பிழிவது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். மெஃபெனமிக் அமிலம் என்ற வலி மாத்திரை அது சுரப்பதையே தடுக்கிறது. எனவே வலி உச்சத்துக்குப் போனபின் விழுங்கினால் பலன் குறைவு. தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு, மருத்துவரைக் கேட்டுப் போடவேண்டும். 14 வயதுக்கு மேல் வழக்கமான அளவு முதலில் 500 மி.கி., பிறகு ஆறு மணிக்கொருமுறை 250 மி.கி.; மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். துணி சுற்றிய வெந்நீர்ப் பையும் நிஜமாகவே உதவும்.

மூன்று மாதம் இப்படிப் பார்த்தும் பள்ளிக்கு விடுப்பு தொடர்ந்தால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) உண்டா எனப் பரிசோதிக்க வேண்டும். ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்று தள்ளிப்போடுவது அபத்தம்.

– மகப்பேறு மருத்துவர், மதுரை