டைன்ட்ரமிலிருந்து கிங்ஸ்ஹவுஸ் வரை

கிளாஸ்கோ,
ஜூன் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் அவசரமாகப் பேசி வைத்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். லீவு போட்டுவிட்டு, வார்டில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணும் நானும் வெஸ்ட் ஹைலேண்ட் வே என்ற நெடுந்தூர நடைப்பாதையில் நடந்தோம். இங்கே மில்கையில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர். எட்டு நாள். அதில் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

அன்றைக்கு டைன்ட்ரமிலிருந்து கிங்ஸ்ஹவுஸ், 30 கிலோமீட்டர். பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி வரை ரயில் பாதையை ஒட்டியே வழி, சிரமமில்லை. இன்வெரோரன் தாண்டினால் ரானோக் மூர் ஆரம்பம். அப்புறம் 16 கிலோமீட்டருக்குக் கடை கிடையாது, மழைக்கு ஒதுங்கக் கூரை கிடையாது. சதுப்பு நிலம், நடுநடுவே கறுத்த தண்ணீர் தேங்கிய குட்டைகள், சுற்றிலும் மலை. பாதை, அந்தக் காலத்தில் கல் போட்டு இறுக்கிய பழைய ரோடு. மேல்மண் கரைந்து, கல் ஒவ்வொன்றும் பூட்ஸையும் மீறிக் குத்துகிறது. காற்று நின்றால் போதும், மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி மொய்த்துக்கொள்ளும். கொசுவில் கால்வாசிகூட இருக்காது, கடி மட்டும் பொறுக்க முடியாது.

பா பாலத்தில் உட்கார்ந்தபோது இனி எழுந்திருக்க மாட்டேன் என்றே நினைத்தேன். பழநிக்குப் போகும் வழியில் நீர்மோர்ப் பந்தலைப் பார்த்ததும் கால் வலியே மறந்துவிடும் என்பீர்களே, அதுதான் ஞாபகம் வந்தது. அந்த நேரம் பின்னால் வந்த பெரியவர் ஒருவர் பையைத் திறந்து டேப்லெட் கொடுத்தார். சர்க்கரை, வெண்ணெய், சுண்டிய பால் போட்டுக் கிண்டிய இனிப்பு, நம் பால்கோவாவை இறுக்கியது மாதிரி. "இன்னும் ரெண்டு மணி நேரம்தான் பிள்ளை" என்றார். அது போதுமாக இருந்தது அப்பா.

கிங்ஸ்ஹவுஸ் சேரும்போது மணி எட்டரை, வெயில் இன்னும் இருந்தது. ஜூன் மாதம் இங்கே பத்து மணி வரை வெளிச்சம். காலுறையைக் கழற்றினால் இடது குதிகாலில் புளியங்கொட்டை அளவு கொப்புளம், உள்ளே நீர் தளும்புகிறது. நீங்கள் பழநியிலிருந்து வந்த ராத்திரி, திண்ணையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தில் விட்டு எடுப்பீர்கள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் நர்ஸ், ஊசி வைக்கவில்லை, பிளாஸ்திரிதான் ஒட்டினேன். ஆனால் நீங்கள் செருப்புகூட இல்லாமல், தார் ரோட்டில், வருஷா வருஷம் எப்படித்தான் நடந்தீர்களோ என்று அன்றைக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

தைப்பூசத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். கடைசி இரண்டு நாளாவது உங்களோடு நடக்கிறேன். அம்மாவிடம் கொப்புளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்