வலிய எதிரணியைத் தேடிப்போன அணிக்குத் தண்டனையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓர் அணி ஒரு சீசனில் ஆடும் 12 ஆட்டங்களில் எட்டையோ ஒன்பதையோ அது சேர்ந்துள்ள கல்லூரிக் கூட்டமைப்பான கான்ஃபரன்ஸே முடிவு செய்துவிடுகிறது. எஞ்சியவற்றுக்கு எதிரணியைப் பிடிப்பது கல்லூரியின் பொறுப்பு. அவற்றில் ஒன்றையாவது தனக்கு நிகரான அணியோடு, ஓராண்டு நம் மைதானம், மறு ஆண்டு அவர்கள் மைதானம் என்ற ஒப்பந்தப்படி ஆட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சீசன் முடிவில் தேர்வுக் குழு ஒன்று தேர்ந்தெடுக்கும் அணிகள் சாம்பியன் பட்டத்துக்காக மோதும் சுற்றே பிளேஆஃப். அந்தத் தேர்வோ இதற்கு நேர்மாறாகவே கற்றுக்கொடுக்கிறது. 2024-இல் இண்டியானா பல்கலைக்கழக அணி, லூயிவில் அணியோடு இருந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டு, வெஸ்டர்ன் இல்லினாய் போன்ற எளிய அணிகளோடு ஆடியது. வெஸ்டர்ன் இல்லினாயை 77-3 என்று வென்று, 11 வெற்றி, 1 தோல்வி (11-1) என்ற கணக்கோடு பிளேஆஃபுக்கும் சென்றது. அடுத்த ஆண்டு டெக்ஸாஸ், முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியனான ஒஹாயோ ஸ்டேட்டின் மைதானத்துக்குச் சென்று 14-7 என்று தோற்றது. பிறகு ஓக்லஹோமாவையும் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்மையும் வென்றும், 9-3 என்ற கணக்கால் வெளியே நின்றது. அது வென்ற அந்த இரு அணிகளும் உள்ளே சென்றன. ஃபுளோரிடாவிடம் அது தோற்றதற்குச் சாக்குச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். நான் ஒஹாயோ ஸ்டேட் பக்கம் நிற்பவன். ஆயினும் அதன் மைதானம் இருக்கும் கொலம்பஸுக்கு வரத் துணிந்த அணிக்கு அந்தத் துணிவே பாதகமாக முடிந்ததை என்னால் ஏற்க இயலவில்லை.

சிறிய கல்லூரிகளைத் தம் மைதானத்தில் வந்து ஆடப் பணம் கொடுத்து அழைக்கும் வழக்கத்தை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை. அந்தத் தொகை அவர்களுடைய விளையாட்டுத் துறைக்குப் பெரிய ஆதாரம். 2007-இல் நான்கு லட்சம் டாலருக்கு மிச்சிகன் அழைத்த அப்பலாச்சியன் ஸ்டேட், லட்சம் பேருக்கு மேல் கூடிய அரங்கில், கடைசி நொடிகளில் மிச்சிகன் மூன்று புள்ளிக்காகக் கம்பங்களை நோக்கி உதைத்த பந்தை (ஃபீல்டு கோல்) தடுத்து 34-32 என்று வென்றதும் இப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தில்தான். ஆனால் இத்தகைய ஆட்டம் சீசனுக்கு ஒன்று போதும். அதையும் சொந்த மாநிலத்துக் கல்லூரிக்கே கொடுத்தால் பணம் அங்கேயே தங்கும், இரு பக்கத்து ரசிகர்களும் காரில் வந்து பார்க்கலாம்.

டெக்ஸாஸ் ஆடும் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி. 2026 முதல் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டங்களோடு வெளியே ஒரு வலிய அணியையும் கட்டாயமாக்கியிருப்பது வரவேற்கத்தக்கது. ஒஹாயோ ஸ்டேட்டும் இண்டியானாவும் ஆடும் கான்ஃபரன்ஸான பிக் டென்னும் இவ்விதியை ஏற்க வேண்டும். வலிய அணியின் மைதானத்தில் அடையும் நெருக்கமான தோல்வியை எப்படி எடைபோடுவோம் என்பதைத் தேர்வுக் குழு சீசன் தொடங்கும் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இத்தகைய ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையெழுத்தாவதால், அந்த உறுதி இல்லாமல் எந்தக் கல்லூரியும் துணிந்து கையெழுத்திடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கொலம்பஸ், ஒஹாயோ.