‘நோஸ்ஃபெராட்டு’வுக்கு இசை சேர்க்க வழி செய்தவர்களுக்கு நன்றி

திரைப்படக் காப்பகத்தாருக்கும் கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்கும் அன்பான வணக்கம்.

ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் எடுத்து 1922-இல் வெளிவந்த ‘நோஸ்ஃபெராட்டு’, தன்னை ‘நடுக்கத்தின் சிம்பொனி’ என்றே அழைத்துக்கொண்ட பேசாப்படம். ஹான்ஸ் எர்ட்மான் அதற்கு எழுதிய இசையில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. ‘டிராகுலா’ நாவலை உரிமை வாங்காமல் எடுத்ததாக, அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டதில், பிரதிகளை அழிக்கும்படி 1925-இல் தீர்ப்பும் வந்தது. தப்பிய சுருள்களைக் காத்தவர்களே, முதல் வணக்கம் உங்களுக்கு.

பாரிஸ் சினிமாதெக் திரைப்படக் காப்பகத்தில் இருந்த சாயமேற்றிய பிரதியை வைத்துச் சீரமைத்தீர்களே, அதன் அருமை இசை சேர்ப்பவர்களுக்குத்தான் தெரியும். பகலில் படம்பிடித்து, நீலச் சாயம் ஏற்றி இரவாக்கிய காட்சிகள் அவை. சாயம் போன கறுப்பு வெள்ளைப் பிரதியில், வெயில் பட்டால் அழிந்துபோகும் ரத்தக்காட்டேரி ஓர்லாக் பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பார். அங்கே பகல் இசையைப் போட்டால் பயம் போய்ச் சிரிப்புதான் வரும்.

அடுத்து, பட, ஒலிக் கோப்புகளை மாற்றியமைக்கும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கின் (FFmpeg) குழுவினர். சீரமைத்த பதிப்பில் படம் பழையது. ஆனால் உடன் வரும் இசைப்பதிவு புதியது, அதற்கு உரிமை தனி. அந்த ஒலித்தடத்தை, படத்தின் தரம் குறையாமல், ஒரே கட்டளையில் கழற்றிவிட முடிகிறது. வேகக் கோளாறுக்கும் உங்களிடம்தான் மருந்து. நொடிக்கு 18 ஃபிரேமில் ஓட வேண்டியது 24-இல் ஓடினால், 84 நிமிடப் படம் 63 நிமிடத்தில் முடிந்து, ஆட்கள் தத்தித் தத்தி ஓடுவார்கள். ஒவ்வொரு ஃபிரேமின் நேரக்குறியையும் 4/3-ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். அதன் பிறகும் காட்டில் குதிரை வண்டி பறக்கும். அதைத் திருத்தப் போகாதீர்கள். முர்னாவ் வேண்டுமென்றே செய்தது அது.

பால் டேவிஸ் தொடங்கிய ஆர்டர் (Ardour, ஒலிப்பதிவு மென்பொருள்), ஜாக் (JACK, மென்பொருள்களுக்கிடையே ஒலியைக் கடத்துவது) இரண்டையும் வளர்ப்பவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். ஆர்டர் படத்தைக் காலக்கோட்டிலேயே காட்டுவதால், ஓர்லாக்கின் நிழல் மாடிப்படி ஏறும் நொடியில் அடையாளம் வைத்து வாசிக்கலாம். (அந்த இடத்தில் எதையும் வாசிக்காமல் விடுவதுதான் எங்கள் கட்சி.) மாதிரி வீதத்தை (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பதை) 48,000 ஹெர்ட்ஸ், ஒரு தடவைக்குக் கையாளும் அளவை 256 மாதிரி, 2 சுற்று என்று வைத்தால், ஒலி வெளிவரும் தாமதம் 11 மில்லிநொடிக்குள் அடங்கும். ‘படபட’வென்று ஒலி அறுந்தால், உடனே 256-ஐ 512 ஆக்க வேண்டாம். லினக்ஸில் பயனர் ‘ஆடியோ’ குழுவில் இருக்கிறாரா, ஒலி வேலைக்கு நிகழ்நேர முன்னுரிமை (மற்ற வேலைகளுக்கு முன்னால் இடம்) கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள், வைஃபையை அணையுங்கள், கணினிச் செயலியின் (CPU) வேகம் ஏறி இறங்காமல் நிறுத்துங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஒலிக்கோப்பைச் சேர்க்கும்போது மாதிரி வீதம் வேறாக இருந்தால் ஆர்டர் எச்சரிக்கிறது. அந்த ஒரு வரியை எழுதியவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. 44,100-இல் பதிந்ததை மாற்றாமல் 48,000-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறும். 84 நிமிட இசை 77 நிமிடத்திலேயே தீர்ந்து, ஓர்லாக் விடியலில் கரையும்போது அரங்கில் சத்தமே இருக்காது.

இப்படிக்கு,
பேசாப்படங்களுக்கு இசை சேர்ப்பவர்கள்