கான்ஸ்டன்டைன் மதம் மாறியது வெறும் அரசியலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தைத் தழுவியது முழுக்க முழுக்க அரசியல் கணக்கு என்று சென்ற இதழ்க் கட்டுரை முடிவு கட்டியிருந்தது. சூரியக் கடவுளின் உருவத்தை நாணயங்களில் தொடர்ந்து பொறித்தது, மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றது, பெற்ற மகனையே கொன்றது ஆகிய மூன்றும் அதற்குச் சான்றுகளாக வைக்கப்பட்டிருந்தன. மூன்றும் உண்மையே. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் சுவிஸ் வரலாற்றாசிரியர் யாக்கோப் புர்க்ஹார்ட் வலுவாக முன்வைத்த அந்தப் பழைய முடிவை அவை நிறுவவில்லை என்பது என் உறுதியான கருத்து.

கி.பி. 312 அக்டோபர் 28 அன்று ரோமுக்கு அருகே மில்வியன் பாலத்தில், அந்நகரை ஆண்டுவந்த போட்டி அரசர் மாக்சென்டியஸை முறியடித்து அவர் ரோமைக் கைப்பற்றியபோது, பேரரசின் மேற்குப் பகுதியில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். படையிலும் செனட்டிலும் பழைய தெய்வங்களை வணங்கியவர்களே மிகுதி. கிறிஸ்தவர்களின் நல்லெண்ணம் மட்டுமே தேவை என்றால், அவர்களைத் துன்புறுத்தாமல் விட்டிருந்தாலே போதும். 311இல் கிழக்குப் பகுதியை ஆண்ட பேரரசர் கலேரியஸ் அதைத்தான் செய்தார். தோற்றுப்போன மாக்சென்டியஸும் அதைச் செய்திருந்தார். அதற்கும் மேலே போய் அவர்களுடைய கடவுளைத் தம் கடவுளாக ஏற்றாக வேண்டிய நெருக்கடி எதுவும் கான்ஸ்டன்டைனுக்கு இருக்கவில்லை.

அந்தப் போருக்கு முன் அவர் கண்டதாகச் சொல்லப்படும், வானில் தோன்றிய சிலுவையை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்சியஸ் ஒரு கனவைப் பற்றி மட்டுமே சொல்கிறார். ஒளிச்சிலுவையைப் பற்றி எழுதும், ஆயரும் வரலாற்றாசிரியருமான யூசிபியஸோ அதைப் பேரரசர் மறைந்த பிறகு எழுதிய நூலில்தான் சொல்கிறார். அவரே முன்னர் எழுதிய திருச்சபை வரலாற்றில் அந்தக் காட்சி இடம்பெறவே இல்லை.

நான் சுட்ட விரும்புவது வட ஆப்பிரிக்காவுக்கு அவர் எழுதிய கடிதங்களை. முந்தைய பேரரசர் டயக்ளீஷியன் காலத்தில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்ட ஒருவரால் திருநிலைப்படுத்தப்பட்டவர் எனக் குற்றம் சாட்டி, கார்த்தேஜ் ஆயர் சிசிலியனை ஏற்க மறுத்த பிரிவினர் பின்னாளில் டோனாட்டிஸ்டுகள் எனப்பட்டனர். ஒரு பேரரசருக்கு இது கை நனைக்க வேண்டாத விவகாரம். ஆனால் வெற்றி பெற்ற சில மாதங்களிலேயே, 313இல், ஆப்பிரிக்க ஆளுநர் அனுலினஸுக்கு எழுதி, குருக்களின் இறைப்பணி தடைபடக் கூடாது என்பதற்காக அவர்களைப் பொதுக்கடமைகளிலிருந்து விடுவிக்கிறார். மறு ஆண்டு ஆர்ல் நகரில் ஆயர்களின் சங்கத்தைக் கூட்டும் வேளையில், ஏலாஃபியஸ் என்ற அதிகாரிக்கு இன்னும் வெளிப்படையாக எழுதுகிறார்: இந்தப் பூசல்களைக் கண்டும் காணாமல் இருந்தால், இறைவனின் சினம் மனித குலத்தின் மீது மட்டுமன்றி, உலக ஆட்சியை அவர் ஒப்படைத்திருக்கும் தம் மீதும் பாயக்கூடும் என்று அஞ்சுகிறார். இது பொதுமக்களுக்கு வாசித்துக் காட்டிய பிரகடனம் அன்று, நிர்வாகக் கடிதம். மக்களை ஏமாற்ற நினைக்கும் ஒருவர், தம் கீழ் அதிகாரியிடம் தம் அச்சத்தை ஏன் கொட்ட வேண்டும்? இந்த வழக்கில் தலையிட்டு அவர் அடைந்தது தலைவலிதான். ஆலயங்களைப் பறிமுதல் செய்தும் அந்தப் பிரிவினர் பணியவில்லை. 321இல் அவரே பின்வாங்கி, அவர்களை இறைவனின் தீர்ப்புக்கு விட்டுவிட்டார்.

இந்த அச்சத்தில்தான் அவருடைய நம்பிக்கையின் இயல்பு தெரிகிறது. இயேசுவின் மலைப்பொழிவைக் கேட்டு உருகிய மனம் என்று அதைச் சொல்ல மாட்டேன். வெற்றி தருபவர் கடவுள், அவருக்குரிய வழிபாடு பிசகினால் அரசுக்குக் கேடு வரும் என்பது ரோமர்கள் காலங்காலமாக நம்பி வந்தது. அந்த நம்பிக்கையை அவர் கிறிஸ்துவின் பக்கம் திருப்பினார். அது ரோமத்தன்மை கொண்டது என்பதால் பொய்யாகிவிடாது. சூரியன் நாணயங்களில் 320களின் நடுப்பகுதி வரை நீடித்ததையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்: பழைய உருவங்களை ஒரே நாளில் துடைத்தெறியாத, படிப்படியான மாற்றம் அது.

ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டது அக்கால வழக்கம். அதன் பிறகு செய்யும் பெரும்பாவங்களுக்குக் கடுமையான தவம் விதிக்கப்பட்டதால், போரும் தண்டனையும் தொழிலாகக் கொண்ட ஆட்சியாளர்கள் அதை இறுதிவரை ஒத்திவைத்தனர். அவருடைய மகன் இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸ் 361இல் சாகும் தறுவாயில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அவரை யாரும் போலிக் கிறிஸ்தவர் என்பதில்லை. 337 மே மாதத்தில் நிக்கொமீடியா அருகே ஞானஸ்நானம் பெற்ற கான்ஸ்டன்டைன், அதன் பின் அரச ஊதா ஆடையைத் தொட மறுத்து வெள்ளை உடையிலேயே படுத்திருந்தார் என்கிறார் யூசிபியஸ்.

326இல் மகன் கிறிஸ்பஸைக் கொல்லச் செய்ததற்கும், அதே ஆண்டு மனைவி ஃபாஸ்டா மாண்டதற்கும், உயிருக்கு உத்தரவாதம் பெற்றுச் சரணடைந்த போட்டிப் பேரரசர் லிசினியஸ் கொல்லப்பட்டதற்கும் எந்தச் சமாதானமும் சொல்ல நான் தயாராக இல்லை. அவை கொடுஞ்செயல்கள். ஆனால் உண்மையாக நம்பியவர்கள் கொலை செய்ததே இல்லை என்று வரலாறு படித்த எவரும் சொல்ல முடியாது. நடத்தையைக் கண்டிப்பது வேறு, நம்பிக்கையை மறுப்பது வேறு. கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

மேற்சொன்ன ஆப்பிரிக்கக் கடிதங்கள் யூசிபியஸின் நூலிலும், மிலேவிஸ் ஆயர் ஒப்டாட்டஸின் நூலுக்கான பின்னிணைப்பிலும் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றிரண்டையேனும் தமிழாக்கித் தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை